அறுபத்து மூன்றாம் கேள்வி

தக்கலை கோர்ட்டுக்கு எதிரே
விஜில் அண்ணனின் ஜெராக்ஸ் கடையில்
பாழான தாள்கள் எனக்கு இலவசம்.
மை பரவியது, கோணலாய் விழுந்தது,
வக்காலத்தின் கடைசி வரி வெட்டுப்பட்டது.
அவற்றின் வெள்ளை முதுகில்தான்
மாதிரித் தேர்வுகளை அச்செடுக்கிறேன்.
நூற்றிருபது கேள்வி, நூற்றிருபது நிமிடம்.
தப்பாகப் போட்டால் கால் மார்க் போகும்.
தொடாமல் விட்டால் ஒன்றும் போகாது.
இப்படியொரு சலுகையை
வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு முப்பத்தொன்று தப்பு.
ஷட்டரைப் பாதி இறக்கி
மெஷின் ஆறும் சூட்டில் உட்கார்ந்து
சிவப்புப் பேனாவோடு திரும்பப் போனேன்.
கணக்கில் போனதெல்லாம் அவசரம்.
இங்கிலீஷில் போனது 'நாட்வித்ஸ்டாண்டிங்'.
தமிழ் மீடியக்காரி காதுக்கு அது
திங்கள்சந்தை பஸ்ஸில்
இடமில்லாமல் நிற்பதுபோல் கேட்கிறது.
'இருந்தபோதிலும்' என்று அர்த்தமாம்.
நிற்பது எப்படி இருப்பதாயிற்று?
சரி, போகட்டும்.

அறுபத்து மூன்று மட்டும் போக மறுத்தது.

'ஏ'யின் நிலத்தில் ஒரு மரம்.
கிளை 'பி'யின் மதிலுக்கு மேலே.
பழம் 'பி'யின் முற்றத்தில் விழுகிறது.
விதி: மரம் யாருடையதோ
பழமும் அவருடையது, எங்கே விழுந்தாலும்.
'பி' தின்றுவிட்டார். பொறுப்பாளியா?

இல்லை என்று போட்டிருந்தேன்.
முற்றத்தில் விழுந்து சிதறிய சக்கையை
யார் அள்ளிக் கொண்டுபோய்க் கொடுப்பார்?
ஈ மொய்த்தது 'பி'யின் வீட்டில்.
ஓடு உடைந்தது 'பி'யின் கூரையில்.
அதற்கு விதி எங்கே?

ஸ்டெனிலாவுக்குப் போன் போட்டேன்.
கருங்கலில் அவளும் முழித்துத்தான் இருந்தாள்.
"எளுப்பமுள்ள கேள்வியில்லியா பிள்ளே.
தந்திருக்கதை மட்டும் எடு.
ஒனக்குத் தெரிஞ்சதையெல்லாம் வெளிய வை."
தாளின் உச்சியிலும் அதுதான், தடித்த எழுத்தில்:
வெளியறிவைப் பயன்படுத்தக் கூடாது.

வைக்கலாம், செருப்பைக் கழற்றுவதுபோல.
ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே நின்றால்
உள்ளே போய்ப் பரீட்சை எழுதப்போவது யார்?

விடைக்குறிப்பில் ஒரே வரி:
பொறுப்பாளி. விதி தெளிவாக உள்ளது.
எரிச்சலில் தாளைப் புரட்டினேன்.

முதுகில் ஓர் அசல் வழக்கு, மூன்றாம் பக்கம்.
வாதி கமலபாய், பிரதிவாதி தாசையன்.
நாலே முக்கால் சென்ட், வடக்கெல்லையில் ஓடை,
'மேற்படி பிலாமரம்',
இரண்டு கமிஷனர் ரிப்போர்ட், இரண்டு அளவு.
வழக்கு எண்ணில் இருந்த வருஷம்
நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முந்தியது.

அந்த அம்மாவைத் தெரியும்.
வாய்தாவுக்கு வாய்தா வருவார், மூன்று காப்பி எடுப்பார்,
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
"எனக்க பேரு தெளிஞ்சு விழுந்திருக்கா மோளே?" என்பார்.
மரம் போன ஆனியில் காற்றுக்குச் சாய்ந்துவிட்டதாம்.
வழக்கு சாயவில்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது,
அறுபத்து மூன்றின் முதல் வரி.
'ஏ'யின் நிலத்தில் ஒரு மரம்.
எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்கள்!
இந்த ஒரு வரியை யாராவது எழுதித் தரட்டும் என்றுதான்
கமலபாய் இருபத்திரண்டு வருஷமாய்ப் படியேறுகிறார்.
அவர் வழக்கு முடிகிற இடத்தில்
என் கேள்வி தொடங்குகிறது.
அதற்குப் பிறகு ஒரு நிமிடம் தாராளம்.

தப்புகளுக்கென்று வைத்திருக்கும் நோட்டில் எழுதினேன்:
63. பொறுப்பாளி.
நிலம் யாருடையது என்று தந்துவிட்டார்கள்.
தந்தால் வாங்கிக்கொள். சண்டை பிடிக்காதே.
கொஞ்சம் யோசித்து
அடியில் சின்னதாக: இப்போதைக்கு.

தாளை மடிக்கும்போது பார்த்தேன்,
கமலபாயின் 'பா' மேல் மை பரவிக் கிடந்தது.
தெளியவில்லை அம்மா.
அதனால்தான் இது என் கைக்கு வந்தது.

அறுபத்து நான்கு: ஒரு வள்ளம், இரண்டு பேர்.